தடவிப் பார்த்தே தரம் பிரிப்பது எப்படி?

நாயின் உடம்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் முதல் வேலை, அது என்ன கட்டி என்று முடிவு செய்துவிடுவது. பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகு. முடிவு கையில் இல்லாமல் போனால் டாக்டர் சொல்வதைக் கேட்கும்படி ஆகிவிடும். முடிவோடு போனால், அவர் சொல்வது சரிதானா என்று நாம் பார்த்துக்கொள்ளலாம். ஊசியோ மைக்ராஸ்கோப்போ இல்லாமல், பத்து விரலையும் கொஞ்சம் துணிச்சலையும் வைத்துக்கொண்டு நாயின் தோல்கட்டிகளைக் கண்டறிந்து தரம் பிரிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. நாய்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

முடிவு செய்வதில் சிரமம் ஒன்றுமில்லை. இருப்பது ஒரே முடிவுதான்: கொழுப்புக்கட்டி. விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்து தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் கொழுப்புக்கட்டி. கெட்டியாக இருந்தால் பழைய கொழுப்புக்கட்டி. சிவந்திருந்தால் சூட்டுக்கட்டி, மோர் ஊற்றினால் சரியாகிவிடும். மேலே முடி கொட்டியிருந்தால் பூச்சி கடித்திருக்கும். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நடுவயதைத் தாண்டி, உடம்பும் பூசினாற்போல ஆகிவிட்ட லாப்ரடாருக்குக் கொழுப்புக்கட்டி வருவது சகஜம், பெரும்பாலும் அதனால் தீங்கும் இல்லை. எனவே பல தடவை உங்கள் விரல் ஜெயித்துவிடும். இந்த வழிமுறை இத்தனை வீடுகளில் இத்தனை காலமாக உயிரோடு இருப்பதற்கு அந்த ஜெயிப்புதான் காரணம்.

ஜெயிக்காத தடவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. நாய்களின் தோலில் வரும் புற்றுக்கட்டிகளில் முதலிடம் மாஸ்ட் செல் கட்டிக்கு. அது தோலுக்கடியில் வளர்ந்தால் கைதேர்ந்த மருத்துவரின் விரலுக்கும் கொழுப்புக்கட்டி போலவே தட்டுப்படும். மேல்தோலில் வந்தால் மரு மாதிரி இருக்கும், கொசுக்கடி மாதிரி இருக்கும், ஆறாத புண் மாதிரியும் இருக்கும். இதற்கென்று ஒரு முகம் கிடையாது. எந்தக் கட்டியைப் பார்த்தாலும் மாஸ்ட் செல்லாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட வேண்டும் என்றுதான் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நாம் மாணவர்கள் இல்லை. நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

சில சாதி நாய்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல்: பாக்ஸர், பாஸ்டன் டெரியர், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஷார் பே, அப்புறம் பக். 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் நடந்து போயிற்று. அதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் எத்தனை அடுக்குமாடி வீடுகளில் பக் குடியேறியது என்று நினைவிருக்கும். மூச்சுத் திணறலையும் கண் கோளாறையும்போல, தோலில் ஒன்றுக்கு மேற்பட்ட மாஸ்ட் செல் கட்டிகள் வரும் குணமும் அந்த நாயோடு சேர்ந்தே வந்தது. பக்குக்கு வருபவை பெரும்பாலும் சாதுவானவை என்பது ஆறுதல். ஆனால் எது சாது, எது இல்லை என்று கட்டி தானாக வந்து சொல்லாது.

அடுத்தது அளவெடுத்தல். ஸ்கேல், டேப் எதுவும் வேண்டாம், சமையலறை போதும். மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை என்று நமக்கு ஓர் ஏணி இருக்கிறது. "போன மாசம் சுண்டைக்காய் அளவுதான் டாக்டர் இருந்துச்சு, இப்ப நெல்லிக்காய் ஆயிடுச்சு." பச்சைச் சுண்டையா, வற்றலா? அரைநெல்லியா, மலைநெல்லியா? டாக்டர் இதையெல்லாம் கேட்க மாட்டார். பெருமூச்சு விட்டுவிட்டு மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்வார். கட்டி வேகமாக வளர்கிறதா என்பது நோயைக் கணிக்க உண்மையிலேயே உதவும் செய்தி. ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துத் தேதியோடு ஒரு போட்டோ எடுத்திருந்தால் போதும். ஆனால் செல்போனில் நாயின் படம் நாலாயிரம் இருக்கும், கட்டியின் படம் ஒன்றும் இருக்காது. அதுதான் முறை.

இப்போது கட்டியை அமுக்குங்கள். நன்றாக. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு முறை அமுக்கட்டும். தாத்தா ஒரு தடவை, பால் போடுகிறவர் ஒரு தடவை, ஊரிலிருந்து வந்த சித்தப்பா உருட்டி உருட்டி இரண்டு தடவை. சாதாரணக் கொழுப்புக்கட்டியானால் ஒன்றும் நடக்காது. மாஸ்ட் செல் கட்டியானால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து தடித்து வீங்கும். இதற்கு டாரியே அறிகுறி என்று பெயர் உண்டு. அமுக்கினவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் "பாத்தியா, உள்ள சீழ் இருக்கு" என்பார்கள்.

வீங்குவது ஏன் என்றால், மாஸ்ட் செல் என்பது உடம்பு காவலுக்கு வைத்திருக்கும் வெடிமருந்து வண்டி. 1878இல் லைப்சிக்கில், அனிலின் சாயங்களை வைத்துத் திசுக்களுக்கு நிறமேற்றிக்கொண்டிருந்த பால் எர்லிக் என்ற இளைஞர் தன் பட்ட ஆய்வேட்டில் இந்தச் செல்லை விவரித்தார். சாயம் பட்டதும் உள்ளே பொட்டுப் பொட்டாகத் துகள்கள் நிரம்பியிருப்பது தெரிந்தது. அந்தத் துகள்களில் ஹிஸ்டமின் இருக்கிறது, ஹெப்பாரின் இருக்கிறது, இன்னும் பல இருக்கின்றன. ஒட்டுண்ணியையும் விஷத்தையும் எதிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டியாகிவிட்ட பிறகு அமுக்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் கொட்டும். ஹிஸ்டமின் ரத்தத்தோடு வயிற்றுக்குப் போய் அமிலத்தைச் சுரக்க வைக்கும், குடலில் புண் வரும். நாய் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மலம் தார் போலக் கறுத்துப் போகும். வீட்டில் அதை "நேத்து குடுத்த ஈரல் ஒத்துக்கல" என்று விளக்குவார்கள். தொடையில் இருக்கிற கட்டிக்கும் வயிற்றில் இருக்கிற புண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத்தான் தோன்றும்?

அமுக்கி முடித்தாயிற்று. இனிக் காத்திருங்கள். கொழுப்புக்கட்டிக்காரர்களுக்கு மாஸ்ட் செல் கட்டி செய்யும் மிகப் பெரிய உதவி இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கிறது. துகள் கொட்டியதால் வந்த வீக்கம் ஓரிரு நாளில் வடியும். நெல்லிக்காய் மறுபடியும் சுண்டைக்காய் ஆகும். குடும்பமே மகிழும். ஒரு கட்டி பெரிதாகிச் சிறிதாகிப் பெரிதாகிச் சிறிதானால் மருத்துவருக்கு அடிவயிறு கலங்கும். நமக்கு நிம்மதி வருகிறது.

வடிந்ததற்குக் காரணம் நீங்கள் போட்ட பற்று என்று நம்புவது இதில் முக்கியம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தடவலாம். எருக்கம்பால் வைக்கலாம், தோல் வெந்து போகும், அதை "கட்டி பழுத்து உடையுது" என்று சொல்லிக்கொள்ளலாம். காம்பு வைத்துத் தொங்கும் மருவுக்குக் குதிரைமுடி கட்டி இறுக்குவது மனிதர்களிடம் பழகிய வித்தை, நாயிடமும் செய்து பார்ப்பவர்கள் உண்டு. இவற்றில் எதையும் நாய் நக்காமல் இருக்காது என்பதால் வைத்தியம் உள்ளுக்கும் சேர்த்தே நடந்துவிடுகிறது.

இதைவிட நவீனமானவர்கள் மருந்துக்கடைக்குப் போவார்கள். கடைக்காரத் தம்பி கேள்வி கேட்காமல் பிரெட்னிசோலோன் எடுத்துக் கொடுப்பார். ஸ்டீராய்டு மாத்திரை மாஸ்ட் செல் கட்டியை உண்மையாகவே கொஞ்ச நாளைக்குச் சுருக்கும். மருத்துவர்களே சிலசமயம் அறுவைக்கு முன் அதற்காகக் கொடுப்பதுண்டு. வீட்டில் கொடுப்பதில் உள்ள வசதி வேறு. கட்டி என்னவென்றே தெரியாத நிலையில் கொடுத்தால், அது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாக இருக்கும் பட்சத்தில், பின்னால் கொடுக்கப் போகும் கீமோதெரபி சரியாகக் கேட்காதபடி செல்களைப் பழக்கிவிடலாம். பரிசோதனையில் உண்மை தெரிவதையும் மங்கலாக்கலாம். இரண்டு காரியத்தையும் நாலைந்து மாத்திரையில் முடிப்பது சாதாரணத் திறமை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கட்டி அடங்காவிட்டால், வேறு வழியில்லை, டாக்டரிடம் போக நேரும். அங்கே அவர் ஒரு சிறு ஊசியை எடுப்பார். இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று கேஜ் ஊசி, ஒரு சாதாரண சிரிஞ்சு. மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. கட்டிக்குள் குத்தி, இரண்டு மூன்று திசையில் நகர்த்தி, வந்ததைக் கண்ணாடிச் சில்லில் தெளித்துப் பரப்பி, உலரவைத்து, லீஷ்மன் சாயமோ கீம்சா சாயமோ போட்டு மைக்ராஸ்கோப்பில் வைப்பார். சிரிஞ்சின் விலை நாய்க்கு வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டை விடக் குறைவு. மாஸ்ட் செல் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இதிலேயே பிடிபட்டுவிடும். ஊதாப் பொட்டுகள் நிறைந்த உருண்டைச் செல்கள், பொட்டு சிதறிக் கிடக்கும் பின்னணி, நடுநடுவே இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள். கொழுப்புக்கட்டியானால் சில்லில் எண்ணெய் மினுமினுக்கும், உலரவே உலராது, சாயம் போடும்போது ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

இவ்வளவு எளிதாக விடை கிடைப்பதை எப்படியாவது தடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாசகம் இருக்கிறது: "ஊசி போட்டா பரவிடும் டாக்டர்." குரலைத் தாழ்த்திச் சொன்னால் நன்றாக எடுபடும். மூத்திரப்பைப் புற்றில் ஊசி போகும் வழியில் செல்கள் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு நியாயம் உண்டு, மருத்துவர்களே அங்கே தயங்குவார்கள். தோல்கட்டியில் அந்த அச்சத்துக்குப் பெரிய இடமில்லை. குத்தின இடம் கொஞ்சம் வீங்கலாம், அவ்வளவுதான். அத்தனை பேர் அத்தனை நாள் அமுக்கியதில் பரவாதது ஓர் ஊசியில் பரவும் என்று எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் டாக்டர் கேட்டுவிடக் கூடாது.

சில்லில் தெரிவது மாஸ்ட் செல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உருண்டைச் செல் கட்டிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது; அதில் இரண்டு நம் வேலையை வெகுவாகக் குழப்பக்கூடியவை என்பதால் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று ஹிஸ்டியோசைட்டோமா. இளம் நாய்களுக்கு, பெரும்பாலும் மூன்று வயதுக்குள், காதிலோ முகத்திலோ காலிலோ சட்டைப் பொத்தான் மாதிரி சிவப்பாக எழும்பும். ஒரு வாரத்தில் மளமளவென்று வளர்ந்து வீட்டாரைக் கதிகலங்க வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் உள்ளே புகுந்து அதைக் கரைத்துவிடும். எருக்கம்பாலின் புகழுக்கும், பக்கத்துத் தெரு வைத்தியரின் புகழுக்கும், இன்னும் பல மகத்தான மருந்துகளின் புகழுக்கும் இந்தக் கட்டி ஆற்றியிருக்கும் தொண்டை யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் அடுத்த நாய்க்கு ஒன்பது வயதில் வந்த கட்டிக்கும் அதே மருந்தைத்தான் பூசுவார்.

இன்னொன்று, தெருநாய்கள் நிறைந்த நம் ஊர்களில் எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் பார்க்கக்கூடியது: கலவியில் தொற்றும் கட்டி. பிறப்புறுப்பில்தான் அதிகம், மோந்தும் நக்கியும் கடித்தும் மூக்குக்கும் வாய்க்கும் தோலுக்கும் வந்துவிடும். இதில் வினோதம் என்னவென்றால், கட்டியின் செல்கள் அந்த நாயின் செல்களே இல்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் எங்கோ வாழ்ந்த ஒரு நாயின் உடம்பில் உருவான புற்றுச் செல்கள், அந்த நாய் செத்துப் போன பிறகும், நாய்விட்டு நாய் தாவி இன்றுவரை வாழ்கின்றன. நாயின் செல்லில் எழுபத்தெட்டு குரோமோசோம் இருக்க, இந்தக் கட்டியின் செல்லில் அறுபதைச் சுற்றித்தான் இருக்கும். 1876இலேயே நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் இதை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டவைத்துக் காட்டினார். பார்க்க ரத்தமும் சதையுமாகப் பயங்கரமாக இருக்கும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் கரைந்துவிடும். கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிறவர்கள் இதைக் கண்டதும் "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, கருணைக்கொலைதான்" என்பார்கள். அதே நாளில், வழவழவென்று அடக்கமாக இருக்கும் மாஸ்ட் செல் கட்டியைப் பார்த்து "ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பார்கள்.

கட்டியை அறுத்து எடுக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் கட்டியைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஒரு தசையுறைப் படலத்தையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பார். "இத்துனூண்டு கட்டிக்கு இவ்ளோ பெரிய தையலா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் சில இடங்களில் தையல் சின்னதாகிவிடும். கட்டியின் வேர்களும் பத்திரமாக உள்ளே தங்கிவிடும்.

எடுத்த கட்டியை என்ன செய்வது என்பதில் மூன்று மரபுகள் உண்டு. குப்பையில் போடுவது பழமையானது: "அதான் எடுத்தாச்சே, இனிமே டெஸ்ட் எதுக்கு?" இரண்டாவது, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்து, திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு அனுப்புவது. திசு அழுகியோ உறைந்தோ போய்ச்சேரும்; உறைந்தால் பனித்துகள்கள் செல்களைக் குத்திக் கிழித்திருக்கும். மூன்றாவது, பாட்டிலும் ஃபார்மலினும் சரிதான், ஆனால் கழுத்துக் குறுகின பாட்டில். போகும்போது மெத்தென்று உள்ளே போன கட்டி, ஃபார்மலினில் விறைத்துக் கல்லாகி, ஆய்வகத்தில் வெளியே வராது. சரியான முறை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது: பத்து சதவீத ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு, வாய் அகன்ற டப்பா, ஓரங்களில் மை தடவி அடையாளம், கூடவே நாயின் வயது, இனம், கட்டி இருந்த இடம் எழுதின சீட்டு. சீட்டில் "கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களை ஆய்வகத்தில் நன்றாகவே ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இனி அறிக்கை. பேத்தாலஜிஸ்ட் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். படிக்க வேண்டாம். நேராகக் கடைசி வரிக்குப் போய் எண்ணைப் பாருங்கள். கிரேடு ஒன்றா, இரண்டா, மூன்றா? ஒன்று என்றால் நம் வீடுகளில் முதல் ரேங்க். இங்கேயும் தற்செயலாக அதுவே நல்லது. தற்செயல் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1973இல் போஸ்டாக் என்பவர் இந்தக் கட்டிகளைத் தரம் பிரித்தபோது கிரேடு ஒன்றுதான் ஆக மோசமானது, மூன்று சாதுவானது. 1984இல் நியூயார்க் அனிமல் மெடிக்கல் சென்டரிலிருந்து பட்நாயக்கும் அவருடைய சகாக்களும் எண்பத்து மூன்று நாய்களின் கட்டிகளை ஆராய்ந்து வேறு ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று சாது, மூன்று மோசம். பல வருஷம் இரண்டு முறையும் புழக்கத்தில் இருந்தன. எந்த முறை என்று எழுதாமல் வெறும் "கிரேடு ஒன்று" என்று எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

பட்நாயக் முறையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் பிரச்சினை குறைவு. கிரேடு ஒன்று தோலோடு நின்றுவிடும், செல்கள் ஒழுங்காக இருக்கும். மூன்று கண்டபடி இருக்கும், பார்த்தாலே தெரியும். குழப்பமெல்லாம் நடுவில். எங்கே போடுவது என்று தெரியாத கட்டியெல்லாம் இரண்டில் விழுந்தது. இரண்டு என்றால் பல வருஷம் வாழும் நாயும் உண்டு, சில மாதத்தில் போய்விடும் நாயும் உண்டு. "சுமார்" என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும் வாத்தியார் வேலைதான் அது. பையன் எதில் சுமார் என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

2011இல் மிச்சிகனைச் சேர்ந்த கியூபெல் தலைமையில் ஒரு குழு, இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தது. தொண்ணூற்றைந்து கட்டிகள், இருபத்தெட்டு பேத்தாலஜிஸ்டுகள், அதே சில்லுகள். கிரேடு மூன்றில் அவர்களுக்குள் எழுபத்தைந்து சதவீதம் ஒத்துப்போயிற்று. ஒன்றிலும் இரண்டிலும் அறுபத்து நான்கைக்கூடத் தொடவில்லை. தொழிலே இதுவாக இருப்பவர்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இந்த லட்சணம். தங்களைப் பற்றி இப்படி ஒரு கணக்கை எடுத்துத் தங்கள் துறை இதழிலேயே அச்சிட்டார்களே, அது எனக்குப் பிடித்த விஷயம். உள்ளங்கையால் தடவித் தரம் பிரிக்கும் சித்தப்பாக்கள் இருபத்தெட்டு பேரைக் கூட்டி இதே சோதனையை யாராவது நடத்தினால் ஒத்துப்போகும் விகிதம் நூறு சதவீதம் வரும் என்று அடித்துச் சொல்வேன். அத்தனை பேரும் கொழுப்புக்கட்டி என்பார்கள்.

கியூபெல் குழு செய்தது, மூன்றை இரண்டாகக் குறைத்தது: லோ கிரேடு, ஹை கிரேடு. நடுவில் ஒளிய இடமில்லை. அதிகப் பெருக்கத்தில் பத்துக் காட்சிப்புலங்களைப் பாருங்கள். பிளந்துகொண்டிருக்கும் செல்கள் ஏழோ அதற்கு மேலோ இருந்தால் ஹை. மூன்றும் அதற்கு மேலும் உட்கரு கொண்ட செல்கள் மூன்று இருந்தால் ஹை. விகாரமான உட்கருக்கள் மூன்று இருந்தால் ஹை. செல்களில் குறைந்தது பத்து சதவீதத்தின் உட்கருக்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்காவது அளவில் மாறுபட்டால் அதுவும் ஹை. இந்த நான்கில் ஒன்று போதும். எண்ண முடிகிற சங்கதிகள் என்பதால் பார்ப்பவர்கள் ஒத்துப்போவதும் மிகவும் கூடிற்று. ஹை கிரேடு நாய்களில் பாதி நான்கு மாதத்துக்குள் இறந்தன. லோ கிரேடில் பாதிக்கு மேல் இரண்டு வருஷம் தாண்டி வாழ்ந்தன.

எண்ணுவது என்றால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப்பு காட்சிப்புலத்தின் அகலம் மாறும். பெரிய புலத்தில் எண்ணினால் ஏழு வரும், சிறியதில் ஐந்து. அதனால் இப்போது பத்துப் புலம் என்று சொல்லாமல் 2.37 சதுர மில்லிமீட்டர் என்று பரப்பளவு சொல்கிறார்கள். மேலும், எந்த இடத்தில் எண்ணுவது? அதிகமாகப் பிளக்கும் இடத்தைத் தேடி எண்ண வேண்டும். பிளக்கும் செல்லையும், செத்துச் சுருங்கின செல்லையும் வேறுபடுத்த வேண்டும். பிற்பகலில், அன்றைய இருபதாவது கேஸில், கண் வலிக்கும்போது.

இந்தத் தரம் பிரித்தல் எல்லாம் தோலில் முளைத்த மாஸ்ட் செல் கட்டிக்கு மட்டும்தான். தோலுக்கடியில் கொழுப்பில் வளர்வதற்கு இது பொருந்தாது; அதற்குக் கணக்கு வேறு. மெலனோமாவுக்கு இடம் முக்கியம்: முடி உள்ள தோலில் வந்தால் பெரும்பாலும் சாது, வாயிலோ நகக்கண்ணிலோ வந்தால் பெரும்பாலும் கொடியது. காயடிக்காத கிழட்டு ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி வரும் சுரப்பிக் கட்டி ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. காயடித்தாலே பெரும்பாலும் சுருங்கும். இதற்கெல்லாம் தனித்தனி வழிகாட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் எல்லாக் கட்டிக்கும் ஒரே கேள்வியை, "எத்தனாவது கிரேடு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை டாக்டர்களுக்கு எப்படி இருக்கிறது என்று வியப்பதுண்டு.

லோ கிரேடு என்று வந்துவிட்டது. உறவினர்களுக்கு எப்படிச் சொல்வது? இங்கே கவனம் வேண்டும். லோ என்ற சொல்லைக் கேட்டு இந்த நாட்டில் எந்தக் குடும்பமும் சந்தோஷப்பட்டதில்லை. போனில் அத்தையிடம் "லோ கிரேடுதான் அத்தை" என்றால், "ஐயோ, இவ்ளோ செலவு பண்ணியுமா?" என்பார். ஹை கிரேடு என்று சொன்னால், "நல்ல டாக்டர்தான்" என்பார். எண்ணையும் சொல்லாமல், லோவையும் சொல்லாமல், "பொழச்சிக்கும்" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

கிரேடும் ஸ்டேஜும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடுவது அடுத்த படி. கிரேடு, செல்லின் குணம். ஸ்டேஜ், அது எதுவரை போயிருக்கிறது என்பது. அக்கம்பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இல்லை என்றால் பரவவில்லை என்று முடிவு கட்டலாம். கட்டாத நெறியிலும் மாஸ்ட் செல் குடியேறியிருப்பது அடிக்கடி நடப்பதுதான், அதனால்தான் அங்கேயும் ஊசி போடச் சொல்கிறார்கள். அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே கேட்டு அடம்பிடியுங்கள். புற்று என்றால் நுரையீரல் என்று நமக்கு ஒரு பழக்கம். மாஸ்ட் செல் அந்த வழியில் போவது அரிது. அதற்குப் பிடித்த இடங்கள் நிணநீர்க்கணுவும் மண்ணீரலும் கல்லீரலும். எக்ஸ்ரே சுத்தமாக வரும். அந்தச் சுத்தமான படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டும் சுகத்தை, வயிற்று ஸ்கேன் தராது.

மோசமான பதில் வந்தாலும் கதை முடிந்தது என்றில்லை. இந்தக் கட்டிகளில் ஒரு பகுதிக்கு கிட் என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அந்த வழியை அடைக்கும் டோசெரானிப் மாத்திரைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நாயின் புற்றுக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டு மரம் ஒன்றின் விதையிலிருந்து எடுத்த டிகிலனால் டிக்லேட் என்ற மருந்தைக் கட்டிக்குள்ளேயே நேராகச் செலுத்தினால் சில நாளில் கட்டி செத்து உதிர்ந்து குழி விழும், பிறகு ஆறும். 2020இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை ஏற்றன. விதையிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டதும் "பாத்தியா, நம்ம எருக்கம்பால் மாதிரிதான்" என்று யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து எழுந்து போய்விடுங்கள்.

ஒரு கட்டி வந்த நாய்க்கு இன்னொன்று வரலாம். பழையது பரவியதாகவே இருக்க வேண்டியதில்லை, பல சமயம் அது புதிதாகவே முளைத்ததுதான். அதற்காக ஒரு காரியம் செய்யச் சொல்வார்கள். ஒரு தாளில் நாயின் உருவத்தை இரண்டு பக்கமும் வரைந்துகொண்டு, மாதம் ஒரு முறை தலை முதல் வால் வரை தடவிப் பார்த்து, எங்கெங்கே என்ன தட்டுப்படுகிறதோ அதைத் தேதியோடும் அளவோடும் குறித்து வைப்பது. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்த கட்டிக்கு என்ன பதில் வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதலாம். வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ ஒரத்தநாட்டிலோ திருநெல்வேலியிலோ கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு இந்தத் தாளோடு போனால், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற டாக்டர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஆண் நாய்க்கும் முலைக்காம்புகள் உண்டு. அடிவயிற்றில் இரண்டு வரிசை, சாதாரணமாக எட்டிலிருந்து பத்து. அவற்றைப் படத்தில் முதலிலேயே குறித்துவிடுங்கள். குறிக்காதவர்கள் முதல் மாதம் அங்கே கைவைத்ததும் ஒரே சமயத்தில் பத்துக் கட்டி என்று அலறுவார்கள். இன்னும் சிலர் உண்ணி என்று நினைத்து, இடுக்கி எடுத்து வந்து பிடுங்கப் பார்ப்பார்கள். அந்த விஷயத்தில் நாய் தன் கருத்தை உடனே தெரிவிக்கும்.